ரிக் ஆன்கீலின் இடது கையும் என் கையெழுத்தும்

சில மாதங்களுக்கு முன் ஒரு வங்கிக் கிளையில் என் கையெழுத்தை என்னாலேயே போட முடியாமல் போனது. அப்பா இறந்த பிறகு ஒரு வைப்புத்தொகையை மாற்றுகிற வேலை. கவுண்டரில் இருந்த பெண் படிவத்தில் மூன்று இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு நீட்டினார். போட்டுக் கொடுத்தேன். அவர் கணினியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார். "மேட்ச் ஆகலை சார். பழைய மாதிரியே போடுங்க" என்றார். பழைய மாதிரி என்றால் எப்படி என்று கேட்டேன். பாவம், நல்ல பெண். திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். நான் கணக்குத் தொடங்கிய நாளில் போட்ட கையெழுத்து ஸ்கேன் செய்யப்பட்டு அங்கே பெரிதாக நின்றது.

தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன். கடைசி எழுத்தின் காலைக் கீழே இழுத்து, இடப்பக்கம் ஒரு சுழி சுழித்து, மேலே ஏற்றி இரண்டு புள்ளி வைப்பேன். இருபத்தெட்டு வருடமாக அது தானாக வந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சுழி எங்கே தொடங்குகிறது என்று யோசித்தேன். அவ்வளவுதான், வரவில்லை. ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, பழகிவிட்டுப் போடச் சொன்னார். ஏழு முறை போட்டேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசம். நாலாவது முறை சுழி வலப்பக்கம் போயிற்று. ஆறாவதில் புள்ளியை எப்போது வைப்பேன், காலை இழுத்த பிறகா அதற்கு முன்பா என்பதே மறந்துவிட்டது. பின்னால் டோக்கனோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவருடைய கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போட வந்து மாட்டிக்கொண்டவன் மாதிரி வியர்த்துப் போனேன். "இன்னொரு நாள் வாங்க சார், பதற்றப்படாம" என்றார் அந்தப் பெண். பதற்றப்படாதே என்று ஒருவர் சொன்ன பிறகு பதறாமல் இருந்தவர் யாராவது உண்டா தெரியவில்லை.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, பல வருடமாக நினைக்காத ஒரு பெயர் நினைவுக்கு வந்தது: ரிக் ஆன்கீல். நம் ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பேஸ்பாலில் பந்து வீசுகிறவர், அதாவது பிட்சர். பிட்சராக இருந்தவர் என்று சொல்லவேண்டும். அங்கேதான் விஷயமே.

செயின்ட் லூயிஸில் ஒரு வெள்ளிக்கிழமை

2007-இல் அலுவலக வேலையாக அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருந்தேன். அந்த ஊருக்கு கார்டினல்ஸ் அணி என்றால் நமக்கு ஊர்த் திருவிழா மாதிரி. முந்தைய வருடம்தான் பேஸ்பாலின் உச்சக் கோப்பையான உலகத் தொடரை வென்றிருந்தார்கள். எனக்கு பேஸ்பால் அப்போது பாதிதான் புரியும். கிரிக்கெட்டில் வளர்ந்தவனுக்கு, ஒருவர் அடித்த பந்து மைதானத்தின் முக்கால் பங்குக்குள் போகக்கூடாது என்பதே ஏற்றுக்கொள்ள முடியாத அநியாயமாகத் தோன்றும். ஆகஸ்ட் 10, வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனால் ஊரே ஒரு மாதிரி சந்தோஷத்தில் இருந்தது. கேன்டீனில் இருந்த டிவியில் முந்தைய இரவு ஆட்டத்தின் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சான் டியாகோ அணிக்கு எதிரான ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், இடது கைக்காரர் ஒருவர் வலப்பக்கக் கூட்டத்துக்குள் பந்தைத் தூக்கி அடிக்கிறார், மூன்று ரன். அணியின் மேலாளர் டோனி லா ரூஸா எப்போதும் இறுக்கமாகவே இருப்பவர். அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு கை தட்டுகிறார். அரங்கம் உட்காரவே மறுக்கிறது.

ஐம்பது வயதைத் தாண்டிய சக ஊழியர் ஒருவர் காபிக் கோப்பையோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "புதுப் பையனா? நல்லா ஆடுறானே" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாவு வீட்டில் வந்து சாப்பாடு எப்போது என்று கேட்டவனைப் பார்க்கிற பார்வை. அப்புறம் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் கதையைச் சொன்னார். அன்று கேட்டதையும் பின்னால் படித்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆன்கீல் ஃபுளோரிடாவில் ஃபோர்ட் பியர்ஸில் 1979-இல் பிறந்தவர். 1997-இல் பள்ளிக்கூடம் முடித்ததும் கார்டினல்ஸ் 25 லட்சம் டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு அன்றைக்கு அது பெரும் தொகை. 1999-இல் மைனர் லீகுகளின், அதாவது பெரிய லீகுக்குக் கீழ்ப் படிகளின், சிறந்த ஆட்டக்காரர். அந்த ஆகஸ்டிலேயே பெரிய லீகுக்கு வந்துவிட்டார். 2000-இல் முழுப் பருவம் ஆடி 175 இன்னிங்ஸ் வீசினார் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கே ஒன்பது இன்னிங்ஸ்), 194 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது தன் வீச்சிலேயே நேராக வெளியேற்றினார், 11 வெற்றி. அவருடைய கர்வ் பால் ஒன்று உண்டு. மட்டையாளரின் தோளுக்கு வருகிற மாதிரி வந்து முழங்காலுக்குக் கீழே விழும். ஒல்லியான உடம்பு, குழந்தை முகம், இடது கை. இவர் இன்னும் பதினைந்து வருடத்துக்கு நமக்கு என்று அந்த ஊர் கணக்குப் போட்டு வைத்திருந்தது. அப்போது அவருக்கு 21 வயது.

மூன்றாவது இன்னிங்ஸ்

2000 அக்டோபர் 3. பிளேஆஃபின் முதல் ஆட்டம், அட்லாண்டா பிரேவ்ஸுக்கு எதிராக, சொந்த ஊரில். எதிரணிக்காக வீசுகிறவர் கிரெக் மேடக்ஸ். பந்தைத் துல்லியமாகப் போடுவதில் அந்தத் தலைமுறையில் அவருக்கு மேல் ஆளில்லை. லா ரூஸா இந்தச் சின்னப் பையனை முதல் ஆட்டத்துக்கு அனுப்பினார். பத்திரிகைக்காரர்கள் முன்கூட்டியே பையனை மொய்க்கக்கூடாது என்று, மூத்த பிட்சரான டாரில் கைல்தான் வீசப் போகிறார் என்று எல்லாரையும் நம்ப வைத்திருந்தார். பின்னாளில் அந்த முடிவை நினைத்து லா ரூஸா வருந்தியிருக்கிறார். ஆனால் அன்று தொடக்கம் பிரமாதம். முதல் இன்னிங்ஸிலேயே கார்டினல்ஸ் மேடக்ஸை அடித்து நொறுக்கி 6-0 என்று முன்னிலை. ஆன்கீல் இரண்டு இன்னிங்ஸை ரன் கொடுக்காமல் முடித்துவிட்டார். இதைவிட நிம்மதியான நிலைமை ஒரு பிட்சருக்குக் கிடைக்காது.

நம் ஆட்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பிட்சர் நிற்கிற மேட்டிலிருந்து மட்டையாளரின் பக்கம் இருக்கும் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். நம் இரண்டு ஸ்டம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட ஐந்தரை அடி குறைவு. பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதன் மேல், முழங்காலுக்கும் மார்புக்கும் இடையில் பந்து போகவேண்டும். நான்கு முறை தவறினால் மட்டையாளர் சும்மாவே முதல் பேஸுக்கு, அதாவது ஓடி எட்டவேண்டிய முதல் நிலைக்கு, நடந்து போகலாம், அதுதான் வாக். பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சரே பிடிக்க முடியாத அளவுக்குத் தாறுமாறாகப் போய், பேஸில் நிற்கிறவர் அந்தச் சந்தில் முன்னேறிவிட்டால் அதற்கு வைல்ட் பிட்ச் என்று பெயர். ஒரு நல்ல பிட்சர் ஒரு முழுப் பருவத்தில் ஏழெட்டு முறை அப்படிப் போடுவார்.

மூன்றாவது இன்னிங்ஸின் தொடக்கத்தில் மேடக்ஸையே நடக்க விட்டார். பிட்சர்கள் பொதுவாக மட்டை பிடிக்கத் தெரியாதவர்கள், அவர்களை நடக்க விடுவது கொஞ்சம் வெட்கம்தான், ஆனாலும் ஆபத்தில்லை. அப்புறம் ஆண்ட்ரூ ஜோன்ஸ் மட்டை பிடித்து நிற்கும்போது ஒரு பந்து கையை விட்டுச் சற்றுத் தப்பாகக் கிளம்பி, கேட்சரைத் தாண்டி பின்சுவர் வரை ஓடியது. வைல்ட் பிட்ச். ஐந்து ரன்னுக்கு மேல் முன்னிலை இருக்கிற ஆட்டத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் நாடு முழுக்க டிவியில் பார்க்க ஒரு வைல்ட் பிட்ச் போட்டுவிட்டோமே என்று அந்த நொடியில் தனக்குத் தோன்றியதாக ஆன்கீல் பிற்பாடு சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த வரியைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அதுவரை பந்து மட்டும் இருந்த இடத்தில் பந்து போடுகிற தன்னையும் அவர் பார்த்துவிட்டார். வங்கியில் அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாரே, அந்த மாதிரி.

அடுத்து நடந்ததை வீடியோவில் பார்க்கலாம், ஆனால் ஒரே மூச்சில் பார்ப்பது கஷ்டம். ஒரு பந்து கேட்சருக்கு முன்னால் தரையில் குத்துகிறது. இன்னொன்று அவர் எழுந்து கையை நீட்டியும் எட்டாமல் தலைக்கு மேல் போகிறது. பையனின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒவ்வொரு முறையும் புதுப் பந்தை வாங்கி இரண்டு கைகளாலும் தேய்க்கிறார், தொப்பியைச் சரி செய்கிறார், கேட்சரின் சைகைக்குக் குனிகிறார். எல்லாம் வழக்கம் போலவே இருக்கின்றன, பந்து போகிற இடத்தைத் தவிர. அரங்கத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொரு பந்துக்கும் அடங்கிப் போகிறார்கள். அந்த ஒரே இன்னிங்ஸில் நான்கு வாக், ஐந்து வைல்ட் பிட்ச், நான்கு ரன். ஒரே இன்னிங்ஸில் ஐந்து வைல்ட் பிட்ச் என்பது 1890-க்குப் பிறகு பெரிய லீகில் யாரும் செய்யாதது. மூன்றாவது விக்கெட்டை எடுக்க முடியாமலே லா ரூஸா வந்து பந்தை வாங்கிக்கொண்டார். (அவுட் என்று எழுதவேண்டும், விக்கெட் என்று வந்துவிட்டது. இருக்கட்டும்.) ஆட்டத்தை கார்டினல்ஸ் 7-5 என்று ஜெயித்தார்கள். அதனால் அன்று இரவு யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஒரு கெட்ட நாள், அவ்வளவுதான் என்றார்கள்.

ஒன்பது நாள் கழித்து நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக மறுபடி இறக்கினார்கள். முதல் பந்தே மட்டையாளரின் தலைக்கு மேல் போயிற்று. 20 பந்துகள் வீசினார், அதில் ஐந்து கேட்சரைத் தாண்டிப் போயின. முதல் இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை.

வழக்கமான கேட்சரான மைக் மத்தீனி அன்று இருந்திருந்தால் நடந்திருக்காது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. பிறந்தநாளுக்குப் பரிசாக வந்த வேட்டைக் கத்தியால் தன் விரல் நரம்பையே வெட்டிக்கொண்டு மத்தீனி அந்த பிளேஆஃபில் ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார். போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போன அப்பா, அந்த வீட்டில் பட்ட அடி உதை என்று இன்னொரு காரணம் சொல்வார்கள். அதையெல்லாம் ஆன்கீலே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். எனக்கு இந்தக் காரணங்கள் எதிலும் பெரிய பிடிப்பில்லை. அதே அப்பா இருந்தபோதுதான் 194 ஸ்ட்ரைக் அவுட்டும் வந்தது. கை ஒரு வேலையைத் தானாகச் செய்துகொண்டிருக்கும்போது தலை நடுவில் புகுந்து எப்படிச் செய்கிறாய் என்று கேட்டால், கைக்குப் பதில் சொல்லத் தெரியாது.

என் அம்மா பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலத்தைப் பக்கத்து வீட்டு அக்காவோடு வம்பு பேசிக்கொண்டே போடுவார். பார்வை பாதி நேரம் தெருவில் இருக்கும். ஒரு மார்கழியில் நான் போனை வைத்துக்கொண்டு, "மெதுவா போடும்மா, வீடியோ எடுக்கிறேன்" என்றேன். மூன்றாவது வளைவில் இழை தப்பான புள்ளியைச் சுற்றிவிட்டது. அழித்துவிட்டுப் போட்டார், மறுபடி அங்கேயே தப்பியது. "அதை உள்ள கொண்டுபோய் வைடா மொதல்ல" என்று கோலமாவுக் கையோடு விரட்டினார். நான் உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் வந்து பார்த்தால் கோலம் முடிந்திருந்தது.

இதற்கு ஆங்கிலத்தில் யிப்ஸ் என்று பெயர். கோல்ஃபிலிருந்து வந்த சொல். கிரிக்கெட்டிலும் உண்டு. 2001-இல் லார்ட்ஸில் நடந்த ஒரு கோப்பை இறுதி ஆட்டத்தில் லெஸ்டர்ஷையர் பந்துவீச்சாளர் ஸ்காட் பாஸ்வெல் ஒரே ஓவரில் எட்டு வைடு போட்டார், ஓவர் முடிய 14 பந்துகள் ஆயின. அவருடைய தொழில் வாழ்க்கையே கிட்டத்தட்ட அந்த ஓவரோடு போயிற்று. பேஸ்பாலில் இதற்கு ஒரு ஆளின் பெயரையே வைத்துவிட்டார்கள், ஸ்டீவ் பிளாஸ் நோய் என்று. பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் பிட்சர் அவர். 1971 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை முழுவதும் தானே வீசி 2-1 என்று வென்று கொடுத்தவர், மறு வருடம் 19 வெற்றி பெற்றவர். 1973-இல் 89 இன்னிங்ஸ்கூட முழுதாக வீசாமல் 84 பேரை நடக்க விட்டார். ஏன் என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. தியானம், மனநல ஆலோசனை என்று யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லை. 1975-க்குள் ஆட்டத்தை விட்டே போனார்.

எழுந்தாரா, நகர்ந்தாரா?

ஆன்கீலின் கதையை யார் சொன்னாலும் விழுந்தார், விடாமல் முயன்றார், எழுந்தார் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்கு வந்தவர்கூட அவருடைய படத்தைப் போட்டு, முயற்சி திருவினையாக்கும் என்று அடியில் எழுதிக் காட்டினார். எனக்கு அன்றிலிருந்து இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் புரிந்துகொண்ட வரையில், அந்தக் கதை அப்படி நடக்கவில்லை.

முயற்சி செய்தார், உண்மை. 2001-இல் அந்தப் பருவத்தின் தன் முதல் ஆட்டத்துக்கு முன்னால் வோட்கா குடித்துவிட்டு வீசினார். இதையும் அவரே சொன்னார். எதிரணிக்காக வீசியவர் ராண்டி ஜான்சன் என்ற பெரிய பிட்சர். அன்று வேலை செய்தது, ஜெயித்தார். தலையை மட்டும் கொஞ்சம் தூங்க வைத்துவிட்டால் கை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. ஆனால் அது எத்தனை நாளைக்கு? 24 இன்னிங்ஸில் 25 வாக் ஆனதும் ஒரு படி கீழே, மெம்ஃபிஸுக்கு அனுப்பினார்கள். அங்கே இன்னும் மோசம். நாலரை இன்னிங்ஸ்கூட இல்லை, அதற்குள் 17 வாக், 12 வைல்ட் பிட்ச். கடைசியில் டென்னசியில் ஜான்சன் சிட்டி என்ற சின்ன ஊரில், பள்ளி முடித்துவிட்டு வருகிற பையன்கள் ஆடுகிற அடிமட்ட லீகுக்குப் போனார். அங்கே சுமார் 88 இன்னிங்ஸில் 158 ஸ்ட்ரைக் அவுட், 18 வாக். கை அப்படியேதான் இருந்திருக்கிறது. பார்க்க ஆளில்லாத ஊரில் பந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. அதே ஊரில் வீசாத நாட்களில் மட்டை பிடித்து 10 ஹோம் ரன்னும் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் முழங்கை போயிற்று. 2003-இல் டாமி ஜான் அறுவை சிகிச்சை, அதாவது முழங்கைத் தசைநாரை எடுத்துவிட்டு உடம்பின் வேறு இடத்துத் தசைநாரை வைத்துக் கட்டுவது. அவருக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்த பிரச்சினையைக் கொஞ்ச காலத்துக்குத் தள்ளிப்போட அது ஒரு கௌரவமான காரணம் என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. கை உடைந்தவரிடம் ஏன் வீசவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். 2004 செப்டம்பரில் பெரிய லீகுக்கே திரும்பினார். 10 இன்னிங்ஸ் வீசினார். 9 ஸ்ட்ரைக் அவுட், ஒரே ஒரு வாக். பயிற்சி வகுப்புக்காரர் சொன்ன கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால் முழுக்கச் சரி. விழுந்தவர் எழுந்துவிட்டார்.

ஆனால் ஐந்து மாதம் கழித்து, 2005 மார்ச்சில், ஃபுளோரிடாவில் ஜூபிடரில் பயிற்சி முகாம் நடந்துகொண்டிருந்தபோது, இனி வீசப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். வயது 25. இந்த இடத்தைத்தான் நான் பலமுறை திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். முடியாதபோது நான்கு வருடம் விடாமல் பிடித்திருந்தவர், முடிந்த பிறகு விட்டார். ஏன்? வீட்டுக்குப் போனாலும் அடுத்த பந்தைப் பற்றிய நினைப்பு, ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அதே பயம், நேராகப் போன பந்தில்கூடச் சந்தோஷம் இல்லை என்று அவர் சொன்னவற்றிலிருந்து எனக்குப் புரிவது இதுதான்: அந்த 10 இன்னிங்ஸும் அவர் ஒவ்வொரு பந்தையும் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்த 17 அங்குலத்துக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறார். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு வாக். நானும் அன்று வங்கியில் கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு கோடு கோடாக வரைந்திருந்தால் ஒருவேளை பொருந்தியிருக்கும். அதைக் கையெழுத்து என்று சொல்வதற்கு மனசு வராது.

அவர் விட்டார். முயற்சியைக் கைவிட்டார் என்று வெளிப்படையாகச் சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம்? கைவிட்ட அன்றுதான் அவருக்குக் கதவு திறந்தது. போகிறேன் என்றவரை, போகாதே, மட்டை பிடி, அவுட்ஃபீல்டில் நில் என்று அணியே வைத்துக்கொண்டது. 25 வயதில் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது. 2006 முழுக்க முழங்கால் காயத்தில் போயிற்று. 2007-இல் மெம்ஃபிஸில், அதே மெம்ஃபிஸில், 32 ஹோம் ரன் அடித்துவிட்டுத்தான் அந்த ஆகஸ்ட் வியாழக்கிழமை இரவு செயின்ட் லூயிஸுக்கு வந்தார். கேன்டீனில் என் சக ஊழியர் கண் கலங்கியது அதற்குத்தான். இரண்டு நாள் கழித்து டாட்ஜர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இன்னும் இரண்டு ஹோம் ரன். அடுத்த மாதமே, 2004-இல் முழங்கைச் சிகிச்சைக்குப் பிறகு வளர்ச்சி ஹார்மோன் வாங்கியிருந்தார் என்று செய்தி வந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்றார். லீக் அதை அப்போது தடை செய்திருக்கவில்லை, தண்டனையும் இல்லை. என் சக ஊழியர் அந்த வாரம் முழுக்க யாரோடும் பேஸ்பால் பேசவில்லை.

நான் சொல்ல வந்தது ஹோம் ரன்னைப் பற்றியல்ல. 2008 மே 6, டென்வரில் கூர்ஸ் ஃபீல்ட் மைதானம். ஆன்கீல் நடு அவுட்ஃபீல்டில் நிற்கிறார். கொலராடோ மட்டையாளர் அடித்த பந்து பின்சுவரை நோக்கிப் போகிறது, அடித்தவர் மூன்றாவது பேஸுக்கே ஓடுகிறார். ஆன்கீல் பந்தை எடுத்துத் திரும்பி எறிகிறார். ஏறத்தாழ 300 அடி. பந்து தரையில் ஒரு முறைகூடப் படாமல் மூன்றாவது பேஸில் நின்ற டிராய் கிளாஸின் கையுறைக்குள் விழுகிறது. கிளாஸ் கையுறையை அசைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, ஓடி வந்தவர் தானாக வந்து அதில் மாட்டிக்கொண்டார். அதே ஆட்டத்தில் பிற்பகுதியில் அதே மாதிரி இன்னொரு முறை. அறுபது அடியில் 17 அங்குலத்துக்குள் போட முடியாத அதே இடது கை.

இந்த இரண்டு எறிதல்களையும் பார்த்துவிட்டுத் திரும்ப அக்டோபர் 3-ஐப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மேட்டில் நிற்கிற பிட்சருக்கு நேரம் இருக்கிறது. அவர் தொடங்கினால்தான் ஆட்டமே தொடங்கும். அதுவரை ஐம்பதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய கையைப் பார்க்கிறார்கள், அவரும் பார்க்கிறார். அவுட்ஃபீல்டில் நிற்பவருக்கு நேரமே கிடையாது. பந்து உருண்டுகொண்டிருக்கிறது, ஓடுகிறவன் ஓடிக்கொண்டிருக்கிறான், எடு, எறி. கையைப் பற்றி நினைக்க இடைவெளி எங்கே இருக்கிறது? அவர் தொலைத்ததைத் திரும்பக் கண்டுபிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது தொலையாமல் இருக்கிற இன்னொரு இடத்துக்கு நகர்ந்துகொண்டார். 2010-இல் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில், பதினோராவது இன்னிங்ஸில், சான் பிரான்சிஸ்கோ மைதானத்தைத் தாண்டிக் கடல் தண்ணீரிலேயே போய் விழும்படி ஒரு ஹோம் ரன் அடித்து ஜெயிக்க வைத்தார். அப்போது அவர் ஆடியது யாருக்காக என்று நினைக்கிறீர்கள்? பத்து வருடத்துக்கு முன் அந்த மூன்றாவது இன்னிங்ஸில் எதிரே நின்ற அதே அட்லாண்டாவுக்காக. மொத்தம் 76 ஹோம் ரன், 2013-இல் கடைசி ஆட்டம். பிட்சராகப் பத்து வெற்றிக்கு மேல், மட்டையாளராக ஐம்பது ஹோம் ரன்னுக்கு மேல் என்று இரண்டையும் அந்தக் கால ஜாம்பவான் பேப் ரூத்துக்குப் பிறகு முதலில் செய்தவர் அவர்தான்.

இவ்வளவையும் என் கட்சிக்குச் சாதகமாக அடுக்கிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. 2018 ஆகஸ்டில், கடைசியாக ஆடி ஐந்து வருடம் ஆனபிறகு, கென்டக்கியில் லூயிவில்லில் நடந்த ஒரு காட்சிப் போட்டியில் ஆன்கீல் மறுபடி மேட்டில் ஏறிப் பந்து வீசினார். வயது 39. திரும்பவும் பிட்சராக வர முயற்சி செய்யப் போகிறேன் என்றார். கொஞ்ச நாளில் முழங்கையில் மறுபடி கத்தி வைக்க வேண்டியதாயிற்று, அது நடக்கவில்லை. நான் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு அழகாக விட்டுவிட்டுப் போன மனுஷன் எதற்குத் திரும்ப அந்த மேட்டுக்குப் போகிறார்? பதினெட்டு வருடமாக மனசுக்குள் அந்த அறுபது அடி அப்படியே கிடந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அவர் நகர்ந்துவிட்டார் என்று எனக்கு நானே எழுதிக்கொண்ட கதைக்கு அவர் என்ன செய்வார்.

வங்கி வேலை ஒரு வழியாக முடிந்தது. இரண்டாவது முறை போனபோது மேலாளர், "கையெழுத்தை மாத்திக்கலாம் சார், அதுக்கு ஒரு ஃபார்ம் இருக்கு. சிம்பிளா பேரையே எழுதிடுங்க" என்றார். ஆதார், பான், இரண்டு போட்டோ, ஒரு கடிதம். இப்போது என் கையெழுத்து என்பது ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி தனித்தனி எழுத்தில் என் பெயர். சுழி இல்லை, புள்ளி இல்லை. தப்பு நடக்க இடமே இல்லாத கையெழுத்து.

போன வாரம் ஒரு கூரியர் வந்தது. மதிய நேரம், அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது, பையன் வண்டியை நிறுத்தாமலே வாசலில் நின்று அவசரப்படுத்துகிறான். நிலைப்படியில் தாளை வைத்துக் கிறுக்கிவிட்டு, பார்சலை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அடுப்பை அணைத்த பிறகுதான் உறைத்தது. வெளியே வந்து, "தம்பி, ஒரு நிமிஷம், அந்தத் தாளைக் காட்டு" என்று கத்தினேன். அவன் தெருமுனை திரும்பிவிட்டான். ஆனால் கைக்கு ஞாபகம் இருந்தது. கால் கீழே இறங்கி, இடப்பக்கம் சுழித்து, மேலே ஏறி, இரண்டு புள்ளி. சமையலறைக்குள் வந்து பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் உடனே ஒன்று போட்டுப் பார்த்தேன். வரவில்லை.